நூறு ஸலவாத்து நேரம்

உசனார் வீட்டில் இருக்கப் பழகாத மனிதர். காத்தான்குடியில் வீடும் மனைவியும் இருந்தும், பதினாலு வருஷமாக அவர் சமைத்ததும் உறங்கியதும் மட்டக்களப்பில் ஒரு எஞ்சினியர் துரையின் பங்களாவில்தான். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு வருவார், சாப்பிட்டதும் திரும்பிவிடுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதில் உலகச் சண்டை மூண்டதும் துரை சீமைக்குக் கப்பலேறினார். போகும்போது தன் சமையற்காரக் கோக்கியார் உசனாருக்கு ஒரு நற்சாட்சிக் கடிதமும் கோப்பிப் பாத்திரமும் கொடுத்தார். உயரமான கண்ணாடிக் குவளை அது. மூடியின் நடுவே ஒரு கம்பி, கம்பியின் நுனியில் சல்லடைத் தட்டு. தூளை வெந்நீரில் ஊறவிட்டுக் கம்பியை அழுத்தினால் மண்டி அடியில் அமுங்கும், தெளிந்த கோப்பி மேலே நிற்கும்.

வேலை போனபின் உசனாருக்கு நிலைகொள்ளவில்லை. விடிந்ததும் வாவிக்கரைக்கு நடப்பார். அங்கிருந்து தபால்கந்தோர். வேலை கேட்டுத் தோட்டத்துப் பங்களாக்களுக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் இராது. வீட்டுக்கு வந்து அடுப்படியை எட்டிப் பார்ப்பார். மறுபடி வெளியே போவார். மனைவி நஸீறாவுக்குப் பொறுமை போயிற்று.

“என்ன இது, முட்டைக்கு இடம் தேடுற கோழி மாதிரி? துரைக்குப் பதினாலு வருஷம் கோப்பி ஊத்தினீங்களே, எனக்கு ஒரு நாளாச்சும் ஊத்தித் தந்தீங்களா?”

அவருக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே கடையில் பச்சைக் கொட்டை வாங்கிவந்து வறுத்தார். பங்களாவில் கையால் சுற்றும் மில் இருந்தது. இங்கே உரல்தான். இருந்த வேகத்தில் மாவாக இடித்துவிட்டார். கொதிநீரை ஊற்றிய கையோடு கம்பியை அழுத்தினார். பாதியில் இறுகிக்கொண்டது. உடம்பைச் சாய்த்து அமுக்கவும், கோப்பி மேலே சீறி வலது உள்ளங்கையைப் பொசுக்கியது.

நஸீறா கற்றாழைச் சோற்றைத் தடவிவிட்டுப் பாத்திரத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

“இவ்வளவு நைஸா இடிச்சா சல்லடைக் கண் அடைச்சுப்போகும்தானே? குறுணலா இடிக்கணும்.”

அடுத்த நாள் அவளே இடித்தாள். சுளகில் போட்டுத் தூசியைப் பிரித்தாள். கேத்திலில் தண்ணீர் கொதித்ததும் உசனார் அவசரமாகத் தடுத்தார்.

“இறக்கி வை. கொதி அடங்கட்டும், இல்லாட்டிக் கசக்கும். ஊத்தின மறுகா நாலு நிமிஷம் ஊறணும். பங்களாவில மணிக்கூடு பார்ப்பன்.”

“இஞ்ச மணிக்கூடு ஏது? நான் நபி மேல நூறு ஸலவாத்து ஓதுறன். நீங்க சும்மா இருங்க.”

அவரால் இருக்க முடிந்தால்தானே! நாற்பதாவது ஸலவாத்தில் வேலியோரம் நின்றார், எழுபதாவதில் கிணற்றடியில். நஸீறா ஓதலை நிறுத்தாமல் கண்ணாலேயே அதட்டினாள். நூறு முடிந்ததும் கம்பியின் மேல் கையை வைத்தாள். மெல்ல, தடையில்லாமல் இறங்கியது.

பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு ஒரு மிடறு குடித்தாள். உசனார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நல்லாத்தான் இருக்கு. மண்டி இல்ல. ஆனா கொஞ்சம் மல்லி போட்டா இன்னும் நல்லம்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவருடைய கோப்பியைப் பற்றி ஒருவர் வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை.

அதன்பின் தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு இருவரும் ஊற்றினார்கள். மல்லி போட்டும் போடாமலும், தூளைக் கூட்டியும் குறைத்தும், ஒவ்வொன்றுக்கும் வாக்குவாதம். மூன்றாம் கிழமை பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கடிதம் வந்தது. உடனே வரவேண்டும்.

“கை இன்னும் ஆறல்லையே!”

“அங்க போய் ஆறும்,” என்று முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அந்தப் பங்களாவிலும் அதே மாதிரிப் பாத்திரம் ஒன்று இருந்தது. தோட்டத்துத் துரையின் மனைவி நோனாவுக்குக் குறுணலாக அரைத்து, கொதி அடக்கி, அளவாக ஊறவைத்துக் கொண்டுபோய் வைத்தார். அவள் பேப்பரை வாசித்தபடியே குடித்தாள். உசனார் அவள் முகத்தைப் பார்த்தபடி அங்கேயே நின்றார். அவள் நிமிர்ந்து, என்ன வேண்டும் என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்ல, நோனா.”

அடுத்த நாளும் அப்படித்தான் நின்றார். அதற்கடுத்த நாளும். பன்னிரண்டாம் நாள், கை சரியில்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

நஸீறா முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

“லீவா?”

“இல்ல. விட்டுட்டு வந்துட்டன்.”

“மறுகா என்ன செய்யப் போறீங்க?”

“தெரியா.”

தகரப்பெட்டியை இடது கையில் பிடித்தபடி நின்றார். ஒருதரம் வீட்டைப் பார்த்தார், ஒருதரம் தெருவை. நஸீறா கையிலிருந்த நெற்சுணையைத் தட்டிவிட்டு எழுந்துவந்து, பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவர் முற்றத்தில் இன்னும் கொஞ்ச நேரம் அங்குமிங்கும் நடந்தார். பிறகு அவள் பின்னால் போனார்.