வரிசைக்கு வைத்த கல்

குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று வரும். ‘புஸ்’ஸென்று நீளமாக ஒரு மூச்சு, பிறகு தொண்டையைச் செருமுவதுபோல இரண்டு முறை ‘களக் களக்’, அதன்பின் துருவேறிய செந்தண்ணீர், அதுவும் ஓடித் தெளிந்த பிறகுதான் குடிக்கிற தண்ணீர். கோவில்பட்டியில் எங்கள் தெருவில் வளர்ந்த யாருக்கும் அந்த மூச்சுச் சத்தம் கேட்டால் போதும், வாயில் வைத்த சோற்றை விழுங்காமலே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். கரிசல் மண்ணைத் தோண்டினால் வீட்டுக் கிணறுகளில் ஊறுவது ‘உப்புத்தண்ணி’, அதில் துணி துவைத்தால் சோப்பு நுரைக்காது. குடிக்கவும் உலை வைக்கவும் தெருமுனை வேப்பமரத்தடியில் இருந்த ‘நல்லதண்ணிக் குழாய்’ ஒன்றுதான் கதி. அது என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. வாரத்தில் ஒரு நாள் வந்துவிட்டால் அது நல்ல வாரம்.

வருமோ வராதோ என்றிருக்கிற குழாய்க்கு முன்னால் யார் நாள் பூராவும் நிற்க முடியும்? தெருப் பெண்களில் பாதிப்பேர் ‘தீப்பெட்டி ஆபீசு’க்குப் போய்விடுவார்கள், தீக்குச்சி செய்கிற இடத்துக்கு எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் பெயர். குடத்தை வைத்துவிட்டுப் போனால் குடம் இருக்காது. அதனால் வீட்டுக்கு ஒரு கல்லை வரிசையில் போட்டுவிட்டுப் போவார்கள். செங்கல், சல்லிக்கல், உடைந்த திருகை என்று எந்தக் கல் எந்த வீட்டுக் கல் என்பது தெருவுக்கே மனப்பாடம். காலையில் ஒருவரையொருவர் பார்த்தால் ‘சாப்ட்டாச்சா’ என்று கேட்பதற்கு முன்னால் ‘கல்லு போட்டாச்சா’ என்றுதான் கேட்பார்கள். எங்கள் வீட்டுக் கல், நடுவில் உடைந்துபோன ஓர் அம்மிக்குழவி. அம்மா ஆபீசுக்குப் போய்விடுவதால் அதைக் காவல் காப்பது என் வேலை. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அந்தக் குழாயடியில் சாதிமதம் பார்க்காமல் எல்லோரும் ஒன்றாக நின்றோம் என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. அப்படி எழுதுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். தெற்கே இருந்த காலனிக்காரர்கள் எங்கள் குழாயைத் தொட முடியாது. அவர்களுக்குத் தனிக்குழாய், அதில் எங்களுடையதைவிட அரிதாகத்தான் தண்ணீர் வரும். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் எங்கள் தெருவுக்குள், ஆட்டுக்கிடை போடுகிறவர் வீட்டுக் கல்லும், வேப்பமரத்தை ஒட்டிய ‘முடுக்கு’ச் சந்துக்குள் குடியிருந்த முஸ்லிம் குடும்பங்களின் கல்லும் ஒரே வரிசையில்தான் கிடந்தன. சண்டை போட்டால் எல்லோரும் எல்லோரோடும் போட்டார்கள்.

சண்டைக்குத் தலைவி சண்முகத்தாய் சித்தி. குழாய்க்கு எதிர்வீடு. நல்ல ஓங்குதாங்கான உடம்பு. தெருவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே வந்து, முன்னால் கிடக்கிற கல்லையெல்லாம் காலால் எத்தி ஓரந்தள்ளிவிட்டுத் தன் கல்லை முதலில் வைத்துவிடுவாள். “சின்னப்பிள்ளைக்கு எதுக்குட்டி அவ்வளவு அவசரம்? பள்ளியூடத்துக்கு ஓடு” என்பாள். அவளுடைய காலில் அதிகம் உதைபட்டவை இரண்டு கற்கள்தான். ஒன்று என் குழவி. மற்றது முடுக்குக்குள் இருந்த சுபைதா வீட்டுச் செங்கல். சுபைதா என் வகுப்பு. அவளுடைய அத்தா பஜாரில் வளையல், ரிப்பன், பொட்டு விற்கிற கடை வைத்திருந்தார். ஒரு வாரம் எங்கள் இருவர் வீட்டிலும் உப்புத்தண்ணியில்தான் சோறு பொங்கினார்கள். தம்பி வயிற்றால் போய்த் துவண்டு கிடந்தான். அம்மா என் முதுகில் வைத்த அடி இன்றும் ஞாபகம் இருக்கிறது.

அந்த அடியில்தான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. சித்தி யாருக்கும் பயப்படமாட்டாள், ஒன்றைத் தவிர. மறுநாள் மத்தியானம் தெரு வெறிச்சென்று இருந்தபோது, எங்கள் அடுக்களையிலிருந்து மஞ்சள்பொடியை மடித்துக்கொண்டு வந்தேன். சுபைதா வீட்டில் கடைச்சரக்காகக் குங்குமப் பொட்டலங்கள் கிடக்கும், அந்த வீட்டில் யாரும் வைத்துக்கொள்ளாத குங்குமம். அதில் ஒன்றை அவள் பாவாடையில் மறைத்துக்கொண்டு வந்தாள். குழவியைக் குத்தவைத்து மஞ்சள் பூசினோம். அவள்தான் கட்டைவிரலால் பெரிய பொட்டாக வைத்தாள். அத்தா கடையில் பார்த்துப் பழகிய கை, வட்டமாக வந்தது. ஒரு கல்லுக்கு இரண்டு குடம், ஒன்று என்னுடையது, ஒன்று அவளுடையது என்று ஒப்பந்தம். அப்போது அவள் கேட்டாள்: “ஏட்டி, எங்க செங்கலுக்கும் பூசிருவோமா? ரெண்டு கல்லுன்னா நாலு குடம்லா.” நான் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னேன்: “அது ஒங்க கல்லுன்னு எல்லாருக்கும் தெரியுமே. அதைப் போயி யாரு சாமின்னு நம்புவா?” அவளும் அதில் தப்பு ஒன்றும் காணவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

சாயங்காலம் சித்தி வந்தாள். வரிசையாக எத்திக்கொண்டே வந்த கால் குழவிக்கு முன்னால் அந்தரத்தில் நின்றது. “யாத்தே!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு பின்னாலேயே நகர்ந்து போனாள். முடுக்குச் சுவருக்குப் பின்னால் நின்ற எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்று முதல் எங்கள் கல்தான் முதல் கல். சில வாரம் நாங்கள் இரண்டு பேரும் ராணி மாதிரித் தண்ணீர் பிடித்தோம்.

பிறகு ஒருநாள் குழவிக்கு முன்னால் சூடம் எரிந்த கரி இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு தேங்காய் மூடி. சித்தியின் பிள்ளைக்கு அம்மை இறங்கியதும் அவள் மஞ்சள்துணி கொண்டுவந்து குழவிக்குச் சுற்றினாள். அதன்பின் அது வரிசையில் இல்லை, வரிசைதான் அதைச் சுற்றி வளைந்து போனது. என் கல்லை எடுக்கப் போனேன். நாலு பொம்பளைகள் சத்தம்போட்டார்கள். அம்மாவிடம் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். நம் வீட்டு அம்மிக்குழவி என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். அவள் கையால் தேய்ந்த குழவி அது. ஓங்கி ஓர் அறை விட்டாள். “சாமி குத்தம் ஆயிரும், வாயை மூடு” என்றாள். மறுநாள் அவளே போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். உண்மை தெரிந்தவர்கள்கூட உண்மைக்குப் பயப்படுவார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் சாமி கும்பிடாமல் போனதற்கு எந்தப் புத்தகமும் காரணமில்லை.

மற்றது எல்லாம் நீங்கள் எந்த ஊரிலும் பார்க்கிறதுதான். முதலில் ஓலைக்கூரை, பிறகு செங்கல் அறை, இரும்புக் கேட்டு, உண்டியல், ஆடிமாதக் கொடைத் திருவிழா. ஆரம்பத்தில் கொடைக்குக் குங்குமம் முழுக்கச் சுபைதாவின் அத்தாதான் கொடுத்தார். காசு வாங்கமாட்டார். “நம்ம தெருவு விசேஷம்லா” என்பார். பிறகு, சன்னிதிக்கு முன்னால் தண்ணீர் சிந்திச் சேறாகிறது என்றார்கள். ‘வீட்டுக்குத் தூரமான’ பெண்கள் குழாய்க்கு வருவது ஆகாது என்றார்கள். கடைசியில் குழாயையே பிடுங்கி இரண்டு தெரு தள்ளி நட்டார்கள். தண்ணீருக்காக வந்த கல் உட்கார்ந்துகொண்டது, தண்ணீர் எழுந்து போய்விட்டது. இன்னும் சில வருஷத்தில் புதுசாகச் சில இளைஞர்கள் வந்தார்கள், கொடிகள் வந்தன, வேப்பமரத்தில் நாலு குழாய் ஒலிபெருக்கி ஏறியது. அந்த வருஷம் முதல் குங்குமம் வேறு கடையிலிருந்து வந்தது. அத்தா கொடையன்று கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் படுத்திருந்தார் என்று சுபைதா சொன்னாள்.

நான் அறிவியல் டீச்சராக முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அம்மா கடைசிவரை அடுக்களையில் விளக்கேற்றினாள். திரியை நானே திரித்துக் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்குள் யார் எதைக் கும்பிட்டாலும் எனக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை. தெருவும் குழாயும் பள்ளிக்கூடமும் அரசாங்க ஆபீசும் கும்பிடுகிறவனுக்கும் கும்பிடாதவனுக்கும் சேர்த்துத்தான் என்று சொல்கிறேன். அங்கே யார் குங்குமத்தோடு வந்தாலும், குல்லாயோடு வந்தாலும், சிலுவையோடு வந்தாலும் வரிசையில் தன் முறைக்குத்தான் நிற்கவேண்டும். இவ்வளவுதான் என் கொள்கை. இதை மேடையில் பேசியிருக்கிறேன், வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கேட்ட பிள்ளைகள் பெரியவர்களாகி இன்று கோயில் கமிட்டியில் இருக்கிறார்கள்.

போன வருஷம் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தார்கள். கோயிலைச் சுற்றி மதில் எழுப்பி, முன்னால் மண்டபம் போடப் போவதாகச் சொன்னார்கள். மதில் முடுக்கின் வாயை அடைக்கும். முடுக்குக்குள் மிஞ்சியிருந்த நாலு வீட்டில் ஒன்று சுபைதாவுடையது. புருஷன் இறந்து தனியாக இருந்தாள், இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய்ச் சுவரைப் பிடித்துத்தான் நடப்பாள். முடுக்கை அடைத்தால் பின்பக்கம் சாக்கடையோரமாகச் சுற்றித்தான் தெருவுக்கு வரவேண்டும், ஆட்டோ வராது. முதலில் அவள் தன்னுடைய ஆட்களிடம் போனாள். “செலைக்குக் குங்குமம் குடுத்த வீடுதான, அதான் அனுபவிக்கீங்க” என்று அங்கே சில பெரியவர்கள் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிறகு என்னிடம் வந்தாள். “கோமதி, நீ டீச்சரு. நீ சொன்னா கேப்பாவட்டி” என்றாள்.

கமிட்டிக் கூட்டத்துக்குப் போனேன். தலைவர் முருகேசன், அன்றைக்கு அம்மை கண்டு பிழைத்த அந்தப் பிள்ளைதான், சண்முகத்தாய் சித்தியின் மகன். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அது எங்கள் வீட்டு உடைந்த குழவி, வரிசையில் முந்துவதற்காக மஞ்சள் பூசியது நான், பொட்டு வைத்தது சுபைதா, குங்குமம் அவள் அத்தா கடையுடையது, முடுக்கை அடைக்காதீர்கள். கல்லெறி விழும் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். முருகேசன் கண் கலங்கி எழுந்து வந்து என் காலைத் தொட்டான். “அக்கா, ஒம்பது வயசுப் பிள்ளைக்கு இந்தப் புத்திய யாரு குடுத்தா? அவதானக்கா குடுத்தா! இத்தனை வருசமா எங்ககிட்ட மறைச்சிட்டீயளே” என்றான். பின்னாலிருந்து யாரோ குலவையிட்டார்கள். அடித்திருந்தால்கூட நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன்.

பத்து நாளில் நோட்டீஸ் வந்தது. ‘பாலகி கோமதியின் பிஞ்சுக் கரத்தால் தாகம் தீர்க்க எழுந்தருளிய அன்னை’ என்று தலவரலாறு போட்டிருந்தார்கள், என் போட்டோவோடு. சுபைதா பெயர் இல்லை, அத்தா கடை இல்லை, முடுக்கும் இல்லை. மதில் ஒரே மாதத்தில் எழும்பியது. மனு எழுதிக்கொண்டு போனேன். வாங்க வேண்டிய அதிகாரி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அந்த நோட்டீஸ் இருந்தது. போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஸ்தாபகரே வந்து கோயில் மேல புகார் குடுத்தா நாங்க எப்படி எடுக்க, டீச்சர்?” என்று மரியாதையாகத்தான் கேட்டார். மனுவை நானே திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன்.

சுபைதா வீட்டை விற்றுவிட்டாள். வாங்கியதும் கமிட்டிதான், அன்னதானக் கூடத்துக்காம். சங்கரன்கோவிலில் மகள் வீட்டுக்குப் போகிற அன்று, நானும் அவள் மகளுமாக இரண்டு பக்கமும் தாங்கி, சாக்கடையோரமாக ஆட்டோ வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனோம். வழியில் மூன்று தடவை நின்றாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னாள்: “நீ சும்மா இருந்திருந்தா மதிலோட போயிருக்கும்ட்டி. நெசத்தச் சொல்லுதேன் சொல்லுதேன்னு சொல்லி, என் பேரையும் இல்லாம ஆக்கிட்ட.”

இப்போது அங்கே குழாய் இல்லை, முடுக்கு இல்லை, முடுக்குக்குள் வீடுகள் இல்லை. தண்ணீர் லாரியில் வருகிறது, காசு கொடுத்து வாங்குகிறோம். நான் தெருவில் போனால் சிறுபிள்ளைகளைக் கூட்டிவந்து என்னைக் கும்பிடச் சொல்கிறார்கள். வேண்டாம் என்று பிள்ளைகள் கையை விலக்கிவிட்டால், “என்ன பணிவு பாரு” என்கிறார்கள். கடைசியாக ஒரு தடவை எல்லாவற்றையும் உள்ளபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்து இதை எழுதி முடித்துவிட்டேன். முடித்த பிறகுதான் பயமாக இருக்கிறது. இதையும் முருகேசன் பத்திரமாக வெட்டி எடுத்து, சுபைதா வருகிற பத்திகளை மட்டும் மடித்துவிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு அந்த மதிலில் மாட்டிவிடுவான்.