ஒரு மாப் குறைந்தது

அன்று ஆபரேஷன் தியேட்டரில் இருந்தவர்கள்: மெட்ராஸிலிருந்து வாரம் ஒருநாள் வரும் சர்ஜன். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா. கத்தி, கத்தரி எடுத்துக் கொடுக்கும் சிஸ்டர். ஆயா நான். மேசைமேல் பென்னலூர்க்காரர், இரைப்பையில் புற்று. கதவுக்கு வெளியே அவர் மனைவி.

வருடம் தொண்ணூற்றொன்று. சுங்குவார்சத்திரத்தில் ரோட்டோரம் சின்ன ஆஸ்பத்திரி. நான் பிள்ளைப்பாக்கம். ஐந்தாவதோடு நின்றவள். எண்ணத் தெரியும், அதற்காகத்தான் தியேட்டரில் வைத்திருந்தார்கள்.

வயிற்றுக்குள் ரத்தம் ஒற்றுகிற துணிக்கு மாப் என்று பெயர். எத்தனை கொடுத்தோம் என்று கரும்பலகையில் எழுதுவேன். திரும்பி வந்ததை ஐந்தைந்தாகக் கம்பியில் தொங்கவிட்டு எண்ணுவேன். எங்கள் பக்கம் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டோம், லாபம் என்போம். அந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

"லாபம், ரெண்டு, மூணு..."

"அறுத்துப் போடுறதுல என்னம்மா லாபம்? ஒண்ணுன்னே எண்ணு" என்பார் சர்ஜன். சிஸ்டர் சிரிப்பார்.

அன்று இரைப்பையில் பாதியை எடுத்தாகிவிட்டது. மீதியைக் குடலோடு இணைக்க வேண்டும்.

"நிறுத்துங்க சார்" என்றார் டாக்டரம்மா. "ஹார்ட் அட்டாக். பிரஷர் இறங்குது."

சர்ஜன் திறந்த வயிற்றுக்குள் மாப்களை வைத்து அடைத்தார். டாக்டரம்மா ஊசிமேல் ஊசி போட்டார். திரையில் கோடு நடுங்கியது. நாடி இல்லை. சர்ஜன் நெஞ்சை அழுத்தத் தொடங்கினார்.

"ஷாக் மெஷின்! ஓடு ஆயாம்மா!" என்றார் டாக்டரம்மா.

அது வார்டில் இருந்தது. ஆஸ்பத்திரிக்கே ஒன்றுதான். தள்ளிக்கொண்டு வந்தேன். கதவருகே அந்த மனைவி மறித்தார்.

"இன்னாக்கா இது? எங்க வூட்டுக்காரரு கீறாரா?"

"வழி வுடும்மா. உள்ளதான் கீறாரு."

மெஷினை உள்ளே தள்ளினேன்.

ஷாக் கொடுக்கும் இரண்டு தகடுகளுக்கும் அடியில் உப்புத் தண்ணீரில் நனைத்த துணி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தோல் வெந்துவிடும். அதற்குத் தனித் துணி அலமாரியில் உண்டு. நான் அலமாரிக்குப் போகவில்லை. சிஸ்டருக்குக் கொடுக்க எண்ணிவைத்து, பலகையில் எழுதியும் விட்ட மாப் கட்டு பக்கத்தில் இருந்தது. அதிலிருந்து இரண்டை உருவி நனைத்துக் கொடுத்தேன். மீதியைச் சிஸ்டரிடம் கொடுத்தேன்.

முதல் ஷாக்கில் வரவில்லை. இரண்டாவதில் உடம்பு தூக்கிப் போட்டது. கோடு மெல்ல ஏறி இறங்கியது.

"வந்துடுச்சு. ஆனா ரொம்ப நேரம் தாங்கமாட்டார். சீக்கிரம் முடிங்க."

சர்ஜன் கையுறை மாற்றிக்கொண்டு வேகமாக இணைத்தார். மாப்களை எடுத்து எறிந்தார். நான் பொறுக்கித் தொங்கவிட்டு எண்ணினேன். லாபம் என்றுதான் ஆரம்பித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

முப்பத்தொன்பது. பலகையில் நாற்பது.

மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்பது.

தையல் ஊசி சர்ஜன் கையில் இருந்தது. நான் சரி என்றால் வயிற்றை மூடிவிடுவார்.

"சார், ஒண்ணு குறையுது."

"நல்லா எண்ணினியா?"

"ரெண்டு வாட்டி."

"இனிமே இவரைப் பிடிச்சு வைக்க என்னால முடியாது சார்" என்றார் டாக்டரம்மா.

சர்ஜன் கையை உள்ளே விட்டுத் தேடினார். கல்லீரலுக்குக் கீழே. அதற்கும் பின்னால். கை ஆழமாகப் போனபோதெல்லாம் டாக்டரம்மா பிரஷரைச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அது இன்னும் குறைந்திருந்தது.

நான் கம்பியைப் பார்த்தேன். தொங்கிய எல்லாவற்றிலும் ரத்தம். ஒன்றில் மட்டும் வெறும் தண்ணீர் ஈரம்.

"சார், தேடாதீங்க. தப்பு என்னுது. ஷாக்குக்கு இதுலேர்ந்துதான் ரெண்டு குடுத்தேன். ஒண்ணுதான் இங்க கீது."

சிஸ்டர் என்னை முறைத்தார். தரையில் பார்த்தேன், பக்கெட்டில் பார்த்தேன். இல்லை. போர்வைக்கடியில் கைவிட்டு அவர் இடது அக்குளுக்குப் பின்னால் துழாவினேன். முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன். வெள்ளையாக வந்தது.

மாசக் கடைசியில் அந்த மனுஷர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார். அது பிறகு. அன்று சர்ஜன் கையை வெளியே எடுத்துக்கொண்டு, "எத்தனை?" என்று மட்டும் கேட்டார்.

முதலிலிருந்து எண்ணினேன்.

நாற்பது.