நார்மலக்காவின் ரத்தம்

காலையில் லேபில் அவளுக்கு முதல் வேலை ரத்த அணுக்களைச் சோதிக்கும் மெஷினைக் குளிப்பாட்டுவது. பிளீச் தண்ணீர் ஒரு முறை, வெறும் தண்ணீர் இரண்டு முறை, பிறகு நார்மல். நார்மல் என்றால் அவளுடைய ரத்தம்தான். நோயில்லாத ஒருவருடையது சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகே நோயாளிகளுடையதை ஓட்ட வேண்டும். பதினோரு வருஷமாகக் கையை நீட்டுகிறாள். லேபில் எல்லோருக்கும் அவள் நார்மலக்கா.

"கொசுவுக்கும் உன் வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் மிச்சம் வைடி," என்றபடி நர்ஸ் ட்யூபை நிரப்பிக் கொடுத்தாள்.

லேசர் வெளிச்சத்தின் குறுக்கே அணுக்கள் ஒவ்வொன்றாக ஓடும். பெரிய அணு ஒளியை முன்பக்கம் அதிகமாகச் சிதறடிக்கும். உள்ளே மணிமணியாக இருந்தால் பக்கவாட்டிலும் தெறிக்கும். இரண்டையும் அளந்து திரையில் அணுவுக்கு ஒரு புள்ளி. அவளுடைய வெள்ளை அணுக்கள் எப்போதும் மூன்று குவியலாக விழும். கண்ணாடியில் முகம் பார்ப்பது மாதிரிதான் அவளுக்கு.

இன்றைக்கு நான்காவதாக ஒன்று. காலியாகக் கிடக்க வேண்டிய இடத்தில் ஈ மொய்த்தாற்போல். ரத்தப் புற்று இருப்பவர்களுக்குத்தான் அங்கே புள்ளி விழும்; அவர்களின் ரிப்போர்ட்டை டாக்டர் கவரில் போட்டு ஒட்டித்தான் கொடுப்பார்.

காற்றுக்குமிழியாக இருக்கும் என்று மறுபடி கழுவி ஓட்டினாள். அதே இடம். நர்ஸைக் கூப்பிட்டாள்.

"மெஷின் ஏதோ மக்கர் பண்ணுது. உன் ரத்தம் ஒரு ட்யூப் குடேன்."

"என் ரத்தத்துல கோவம்தான்டி இருக்கும்," என்று சிரித்துக்கொண்டே நர்ஸ் கொடுத்துவிட்டுப் போனாள்.

இவளுக்கும் நாலாவது விழட்டும், மெஷின்தான் கெட்டிருக்கட்டும் என்று மனசு வேண்டிக்கொண்டது. வெட்கப்பட நேரமில்லை. நர்ஸின் ரத்தத்தை ஓட்டினாள். மூன்றே குவியல், துடைத்துவைத்தாற்போல்.

போன மாதம் பல் தேய்க்கையில் ரத்தம் வந்ததற்கு பிரஷை மாற்றியிருந்தாள். தொடையில் நீலம் பாய்ந்ததற்கு மேசை முனையைத் திட்டியிருந்தாள். மகளுக்கு அடுத்த வாரம் பரீட்சை.

டாக்டர் உள்ளே வந்து, மேசைமேல் அச்சாகிக் கிடந்த அவளுடைய தாளை எடுத்தார்.

"இது யாரு? பேரே போடல?"

"போடணும் டாக்டர்."

"வயசு?"

"நாப்பத்தி நாலு."

"ச்ச்." கண்ணாடியைக் கழற்றினார். "பேஷன்ட்கிட்ட இப்ப ஒண்ணும் சொல்லிடாதீங்க நார்மலக்கா. பாவம், பயந்துடுவாங்க. கூட யார் வந்திருக்காங்க?"

முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சின்மேல் சட்டைக்கையை இழுத்துவிட்டுக்கொண்டு, கதவைத் திறந்து அவள் வெளியே போனாள்.