இரண்டு மேடையிலும் மாமா சொல்லாமல் போனது

பிள்ளைகளே, மாமாவின் வீடியோ உங்கள் வகுப்பு வரைக்கும் வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். பெரியவள் அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றாமல், ஏன் என்று கேட்டாள்: "அப்பா, மாமா எந்தினா ஸ்டேஜ்ல கேறி அப்படி உளறுனாரு?" சின்னவன் மாமாவைப் போலவே கையைக் கூப்பிப் பேசிக் காட்டினான். அம்மா அடுக்களையிலிருந்து வெளியே வரவே இல்லை. அவளுடைய சொந்த அண்ணன் அல்லவா.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஊரெல்லாம் பேசுவதற்கு மைக் கட்டிக் கொடுப்பேனே தவிர எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன். நீங்கள் மலையாளத்தில் படிக்கிறவர்கள். எழுத்துக் கூட்டியாவது இதைக் கடைசிவரைக்கும் வாசியுங்கள். அந்த வீடியோ ஒரு நிமிஷம்கூட இல்லை. அதற்கு முன்னும் பின்னும் நடந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

மாமாவுக்குக் காட்டிலாகாவில் தினக்கூலி வேலை என்பது உங்களுக்குத் தெரியும். வெயில் காலத்துக்கு மட்டும் எடுப்பார்கள். ஃபயர் வாட்சர் என்று பெயர். காட்டில் எங்கே புகை தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை என்று நானும் முதலில் நினைத்திருந்தேன். அது பாதிதான். மற்றப் பாதி, தீ வருவதற்கு முன்னால் செய்வது. புல்மேட்டின் ஓரத்தில் ஒரு வண்டி போகிற அகலத்துக்குப் புல்லைச் செத்தி, சருகைக் கூட்டித் தள்ளி, வெறும் மண் தெரிய விட வேண்டும். ஃபயர் லைன் என்பார்கள். தீ அந்த வெறும் மண் வரைக்கும் வந்து, தின்ன ஒன்றுமில்லாமல் நின்றுவிடும். இதைப் பனிக்காலத்திலேயே முடித்துவிட வேண்டும். புல் காய்ந்த பிறகு அங்கே வெட்டுகிற இரும்பு கல்லில் பட்டால்கூடப் பொறி பறக்குமோ என்று பயம்.

முன்பெல்லாம் மாசி முடியும்போதுதான் புல் காயும் என்று மாமா சொல்வார். இப்போது தை மாதமே மேடு முழுக்க வைக்கோல் நிறமாகிவிடுகிறது. ஆனால் வெட்டச் சொல்லும் உத்தரவு மட்டும் பழைய கணக்கிலேயே வருகிறது. இந்த வருஷம் அதற்கும் பிந்தியது. உத்தரவு வந்து சேருவதற்குள் தீ வந்துவிட்டது. மலையின் மேற்குச் சரிவு மொத்தமும் போனது. மாமாவும் கூட இருந்தவர்களும் பச்சைக் கொப்பை ஒடித்து அடித்து அடித்தே அணைத்தார்கள். அவர் காலில் இருக்கிற அந்தக் கறுப்புத் தழும்பு அப்போது வந்ததுதான்.

கிழக்குச் சரிவு மிச்சம் இருந்தது. அதன் கீழேதான் மாமாவின் வீடும் பக்கத்து வீடுகளும். அங்கேயும் லைன் வெட்டவில்லை. காற்று திரும்புவதற்குள் அதை வெட்ட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. ஆபீசில் கேட்டார். மேலேயிருந்து பணம் வரவில்லை என்றார்கள். டிவியிலோ, டெல்லி தரவில்லை என்று ஆளும் கட்சிக்காரர்களும், தந்ததைச் செலவழிக்கவில்லை என்று எதிர்க்கட்சிக்காரர்களும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரோ பீடி குடித்துப் போட்டுவிட்டான் என்று ஒரு ஆபீசர் சொன்னார்.

அந்த வாரம்தான் எதிர்க்கட்சிக்காரர்கள் தலைமைச் செயலகத்துக்கு முன்னால் தர்ணா வைத்தார்கள். மைக்செட் நம்முடையது. தீயில் அடிபட்ட ஒருவர் பேசினால் நன்றாக இருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். என் மச்சான் இருக்கிறார் என்று நான் சொன்னேன். வாயைத் திறந்து சொல்ல ஒரு இடம் கிடைக்கட்டுமே என்றுதான் சொன்னேன்.

மாமா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் முதல் பஸ்ஸிலேயே வந்து தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டார். மேடையைப் பார்த்துக்கொள்கிற ஆள் அவரிடம் சொன்னான்: "சேட்டா, ரெண்டே ரெண்டு வார்த்தை. சர்க்காரு திரிஞ்சு நோக்கல்லன்னு சொல்லணும். அத்ரேயே உள்ளூ." அரசாங்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று சொன்னால் போதுமாம்.

மாமா என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்: "மாப்ளே, லைன் காரியம் சொல்லலாம்லா?"

"அதச் சொல்லத்தானே மச்சான் வந்தீரு. தைரியமாச் சொல்லும்."

அவருக்கு முன்னால் பேசிய அத்தனை பேரும் எப்படித் தொடங்கினார்கள் என்று அவர் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் இருக்கிற ஒவ்வொருவரையும் பெயரும் பதவியும் சொல்லி வணங்கிவிட்டுத்தான் எல்லாரும் விஷயத்துக்கு வந்தார்கள். மேடை மரியாதை அதுதான் என்று அவர் எடுத்துக்கொண்டார். ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த யாரையும் அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்குத்தானே நன்றி சொல்ல முடியும்? கையைக் கூப்பிக்கொண்டு, தீயணைக்க வந்தவர்களை ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார். சொந்த ஜீப்பில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு முதலில் வந்த பஞ்சாயத்து மெம்பர், கொப்பு ஒடித்துக் கூடவே நின்ற காட்டிலாகா கார்டு, சோறு கொண்டுவந்த ஆட்டோக்காரர்கள். அந்த மெம்பர் ஆளும் கட்சிக்காரர்.

கூட்டத்தில் ஒருவன் கத்தினான்: "சேட்டா, ஸ்டேஜு மாறிப்போச்சோ?" எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார், அவர்கள் சந்தோஷப்படுகிறார்கள் என்று நினைத்து. "இனி நான் சொல்ல வந்த காரியம் என்னன்னா" என்று அவர் ஆரம்பித்தபோது, மேடையைப் பார்த்துக்கொள்கிற அந்த ஆள் எழுந்து வந்து அவர் தோளில் கையைப் போட்டு மைக்கை வாங்கி அணைத்துவிட்டான். மாமாவின் உதடு அசைந்தது. ஸ்பீக்கர் பெட்டியில் சத்தம் இல்லை.

நீங்கள் பார்த்த வீடியோ அந்தச் சிரிப்போடு முடிந்துவிடுகிறது.

மறுநாளே அது ஆளும் கட்சிக்காரர்கள் கைக்குப் போனது. எதிர்க்கட்சி மேடையிலேயே எங்களுக்கு நன்றி சொன்னான் பார் என்று அவர்கள் ஒரு விளக்கக் கூட்டம் போட்டார்கள். மைக்செட்டுக்கு என்னையே கூப்பிட்டார்கள். ஸ்பீக்கர் பெட்டியில் கட்டும் துணியின் நிறத்தை மட்டும் மாற்றினேன். "அண்ணாச்சி, அளியனக் கூட்டிட்டு வரணும் கேட்டோ" என்று மச்சானையும் அழைத்துவரச் சொன்னார்கள். மாமா அன்றைக்கும் வந்தார். இவர்கள்தானே ஆள்கிறவர்கள், இவர்கள் காதில் போட்டால் வேலை நடக்கும் என்று நம்பினார். நானும் நம்பினேன்.

அவரை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அந்த வீடியோவைப் பெரிய திரையில் போட்டார்கள். ஒரு சால்வையைப் போர்த்திப் போட்டோ எடுத்தார்கள். மைக் கொடுக்கவில்லை. டெல்லியைத் திட்டி நீளமாகப் பேசினார்கள். கூட்டம் முடிந்து நான் வயர் சுற்றும்போது, மாமா மேடையிலிருந்து இறங்கிப்போகிற தலைவர் ஒருவர் பின்னால் சால்வையோடு ஓடினார். "சாரே, கெழக்குச் சரிவு... ஒரு லைன்..." அவர் திரும்பி, மாமாவின் கையைக் குலுக்கிவிட்டுக் காரில் ஏறினார்.

"கேட்டாரா மச்சான்?"

"கை குடுத்தாரு மாப்ளே."

அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போனவரை ஆபீசில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூலி ஆளுக்கு மேடை எதற்கு, இரண்டு பக்கமும் ஏறுகிறவனை வைத்துக்கொண்டால் எங்களுக்குத்தான் தலைவலி என்றார்களாம்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் மைக்செட் ஏற்றுகிற பெட்டி ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய் மாமாவைப் பார்த்தேன். வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கூலி இல்லை, ஆனாலும் காவல் இருக்கிறார். சரிவு முழுக்கப் புல் இடுப்பு உயரத்துக்குக் காய்ந்து நின்றது. காற்று அடித்தால் சலசலவென்று சத்தம் கேட்கிறது.

"நாமளே நாலு பேராச் சேந்து செத்திட்டா என்ன மச்சான்?" என்று கேட்டேன். நீங்களும் இதைத்தான் கேட்பீர்கள்.

"காடு சர்க்காரோடதுலா. உத்தரவில்லாம வெட்டுனா கேஸு. வெட்டலேன்னா தீயி." மலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பிள்ளையளு அந்த வீடியோவப் பாத்துதுவளா?" என்று கேட்டார்.

பார்த்தார்கள் என்று சொன்னேன். யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. இவர்களைச் சொன்னால் அவர்களைக் காட்டுவார்கள். அவர்களைச் சொன்னால் மேலே காட்டுவார்கள். இது யார் குற்றம் என்று உங்கள் டீச்சர் கேட்டால் எழுதுவதற்கு ஒரு வரிகூட என்னால் தர முடியாது. மாமா உளறவில்லை என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும்.

சாயங்காலம் தனியாக வண்டியில் இறங்கி வந்துகொண்டிருந்தேன். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் வண்டி நிறுத்தும் ஒரு வளைவில், காகிதத் தட்டுகளைக் குவித்து எரித்துவிட்டுப் போயிருந்தார்கள். சருகுக்கு அடியிலிருந்து மெல்லிசாகப் புகை வந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு, என்னிடமிருந்த குடிதண்ணீரை அதன்மேல் ஊற்றினேன். போதவில்லை. கையாலேயே மண்ணை அள்ளிப் போட்டு மூடினேன். புகை நின்ற பிறகு உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். இன்னும் சூடு இருந்ததா, என் கைதான் சூடாகிவிட்டதா என்று தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் மண் அள்ளிப் போட்டேன்.