அக்கா சாத்தச் சொன்ன கதவு

முருகப்பெருமானை வணங்கி, அக்காவின் முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினர், நண்பர் அனைவருக்கும் இந்த நினைவு மலரில் தம்பி எழுதுவது. நான் பத்தாவதோடு நின்றவன். குறையிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அக்கா பிறந்தது சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடொன்றில். அப்பா கேஜ் என்னும் இரும்புக்கூண்டில் பூமிக்குள் இறங்கி ஏறிய சுரங்கத் தொழிலாளி. அக்கா வாழ்க்கைப்பட்டதும் அடுத்த லைனில்தான். ஒரே அறை, ஒரு சமையல்கட்டு. எங்கள் லைனில் பகலில் யாரும் கதவு சாத்த மாட்டார்கள். நைட் ஷிப்ட் முடித்த ஆண்பிள்ளை தூங்கினால் மட்டும் சாத்துவார்கள், அந்த வீட்டை யாரும் தட்ட மாட்டார்கள். மற்றபடி சாத்திய கதவென்றால் சண்டை, இல்லையேல் யாருக்கோ முடியவில்லை என்று அர்த்தம்.

அக்கா கதை எழுதத் தொடங்கியது சுரங்கம் மூடிய பிறகு. மாமா விடிகாலை ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போய்விடுவார். வீடு காலிதான். ஆனால் நாலு வரி எழுதுவதற்குள் சர்க்கரை கேட்டு ஒருவர் வருவார், பேச்சுத்துணைக்கு ஒருவர் வருவார். கதைகள் பாதியிலேயே நின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா அக்காவை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, வாசலில் முக்காலி போட்டுப் பூண்டு உரிக்க உட்கார்ந்தார். நானும் கூட இருந்தேன். எதிர்வீட்டு சரோஜாம்மா வந்துவிட்டார்.

"இன்னாண்ணே, பட்டப்பகல்ல கதவ சாத்திக்கினு? ஊட்ல சண்டையா?"

"அவ ஷிப்ட்ல கீறாம்மா."

"மைனே மூடிட்டாங்க, இன்னா ஷிப்டு?"

"கேஜ் மேல வரட்டும், அவளையே கேளு. அதுவரைக்கும் கொஞ்சம் பூண்டு உரி."

"பொண்டாட்டிக்கு வாட்ச்மேன் வேலயா? நல்லா கீது போங்க!"

லைனே சிரித்தது. மாமா எழுந்திருக்கவில்லை. அப்படிப்பட்ட ஞாயிறுகளில்தான் அக்காவின் கதைகள் முடிந்தன, பத்திரிகைகளில் வந்தன.

ராபர்ட்சன்பேட்டை வாசகர் கூட்டமொன்றில் ஒரு பெண், "எழுதறதுக்கு இன்னாக்கா வேணும்?" என்று கேட்டார்.

"பேனா, பேப்பர்லாம் கெடச்சிடும்மா. கதவ சாத்தினா இன்னாத்துக்குன்னு கேக்காத ஊடு வேணும். உள்ள உக்காந்தா, தப்பு பண்றோம்னு நமக்கே தோணக் கூடாது. அதுக்குத்தான் எனக்கு ரொம்ப நாளாச்சி" என்றார் அக்கா.

அக்காவுக்கு நோய் முற்றி, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பியபோது ஒரு கதை பாக்கியிருந்தது. காலையில் மட்டுமே அக்காவுக்குத் தெம்பு இருந்தது. பார்க்க வருகிறவர்களும் காலையில்தான் வந்தார்கள். நோயாளியைப் பார்க்க வந்தவர்களைத் திருப்புவது பாவம் என்றேன்.

"டேய், எல்லாரும் வந்து அழுதுட்டுப் போனா கதய யாரு முடிப்பாங்க? நீயா?" என்றார் அக்கா.

மறுநாளிலிருந்து காலையில் கதவைச் சாத்தினோம். வேலைக்கு லீவு போட்டிருந்த மாமாவோடு சரோஜாம்மாவும் வாசலில் உட்கார்ந்து, "சாய்ங்காலமா வாங்க" என்று சொல்லி அனுப்பினார். பேத்தமங்களாவிலிருந்து கொய்யாப்பழத்தோடு வந்த சித்தி வெகுநேரம் வெளியே காத்திருந்தார். கதவு திறந்தபோது அக்கா அயர்ந்து தூங்கிவிட்டிருந்தார். சித்தி அக்காவின் முகம் பாராமலே பஸ் ஏறினார். அடுத்து வந்தது காரியத்துக்குத்தான்.

வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், தோள் கொடுத்த லைன்வாசிகளுக்கும், சரோஜாம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பார்க்காமல் திரும்பியவர்களுக்கு அதைவிடக் கடமைப்பட்டிருக்கிறோம். நீங்கள் வெளியே நின்ற காலை நேரங்களில்தான் அந்தக் கதை முடிந்தது. இம்மலரின் பின்பக்கங்களில் அதை அச்சிட்டிருக்கிறோம். சித்திக்குக் கண் சரியாகத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து படித்துக் காட்டவும்.