வேன் வர்ற நேரம்

இதை நம்பச் சொல்லி யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. போன ஆகஸ்டில் மதுரை விமான நிலையத்தில் குத்திய முத்திரை என் பாஸ்போர்ட்டில் இருக்கிறது. அதற்கு மறுநாள் நடந்தது இது. ராத்திரி இல்லை. சுடுகாடு இல்லை. பட்டப்பகல். மண்டையைப் பிளக்கிற வெயில்.

என் பெயர் இந்துமதி. மலேசியாவில் கிள்ளான் பட்டணம். தினசரிக் காலண்டர், வாழ்த்து அட்டை, ஊதுபத்தி அட்டைப்பெட்டி எல்லாம் இறக்குமதி செய்கிற கம்பெனியில் வேலை. சிவகாசியில் ஒரு அச்சகத்தைப் பார்த்து காலண்டர் ஆர்டரை முடிக்க என்னை அனுப்பினார்கள். இந்தியாவில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

வெளிநாடு என்றே தோன்றவில்லை. எங்கள் ஊரில் கடைப் பலகையில் தமிழ் இருந்தால் மூன்றாவது வரியில் சின்னதாக இருக்கும். இங்கே பஸ், சுவர், தண்ணீர்த் தொட்டி, எங்கே பார்த்தாலும் தமிழ். குழந்தை மாதிரி எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தேன். விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டித் தெருவில் இறங்கியதும் அடுக்குத் தும்மல். எங்கள் ஏஜெண்ட் சாபிர் சிரித்தார். "ரெண்டு நாள்ல பழகிரும்க்கா." ராத்திரி அவர் வீட்டில் எண்ணெய் புரோட்டா. அவர் மனைவி மெகருன்னிசா இலையை விட்டு நகரவே இல்லை. "கூச்சப்படாம சாப்பிடுங்கக்கா. இன்னொண்ணு வைக்கவா?" சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி நிம்மதியாகத் தூங்கினேன். அந்த நாட்டில் நான் நிம்மதியாகத் தூங்கியது அந்த ஒரு ராத்திரிதான்.

மறுநாள் சாபிருக்குக் கடையில் லோடு இறங்கியது. டிரைவர் சண்முகவேலுடன் என்னை அனுப்பினார். சாத்தூர்ப் பக்கம் ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியைப் பார்த்துவிட்டு அப்படியே சிவகாசி போவதாக ஏற்பாடு.

சாத்தூர் தாண்டி ஒரு பொட்டல் காட்டில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. அந்த வழியாக வந்த பைக்கை மறித்து, டயரோடு பின்னால் ஏறிக்கொண்டார் சண்முகவேல்.

"கார்லயே இருங்கக்கா. எங்கனயும் போயிராதீக. இந்தா வந்துர்றேன்."

கால் மணி நேரம்கூட உட்கார முடியவில்லை. கார் அடுப்பாகக் கொதித்தது. பாட்டிலில் தண்ணீரும் தீர்ந்துவிட்டது. கொஞ்ச தூரத்தில் ஒரு காம்பவுண்ட் சுவர் தெரிந்தது. உள்ளே வேப்பமரங்கள். நடந்தேன்.

கேட் திறந்திருந்தது. உள்ளே ஒன்றுக்கொன்று எட்டத்தில் சின்னச் சின்ன அறைகள். பட்டாசுக் கம்பெனி என்று பார்த்ததுமே புரிந்தது. போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று சாபிர் காலையில்தான் சொல்லியிருந்தார். கேட் தூணின் மேல் போனை வைத்துவிட்டு உள்ளே போனேன்.

சர்... சர்... சர்...

எதையோ தேய்க்கிற சத்தம். முதல் அறையிலிருந்து வந்தது.

ஏழு பெண்கள் தரையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முழங்கை வரை வெள்ளிப் பொடி. ஆறு பேர் உள்ளே. ஒருத்தி மட்டும் வாசல் ஓரம், ஒரு காலை வெளியே படியில் நீட்டியபடி.

"வாங்க. நெழல்ல உக்காருங்க" என்றாள் நடுவில் இருந்தவள். நாற்பது வயதிருக்கும். "எங்கேருந்து வாரீக?"

"மலேசியா."

"அம்புட்டுத் தூரமா?" சிரித்தாள். மற்றவர்கள் நிமிரவில்லை.

வாசலில் இருந்தவள் ஒரு தம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். வாயில் வைத்தேன். வெந்நீர் மாதிரி சுட்டது. தீக்குச்சி கொளுத்தி அணைத்தால் வருமே, அந்த வாடை. கீழே வைத்துவிட்டேன்.

அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது.

எனக்குச் சட்டை முழுக்க வேர்வை. அவர்கள் ஒருவருக்கும் நெற்றியில் ஒரு சொட்டு இல்லை. கைகள் ஓயாமல் ஓடின. ஆனால் முன்னால் இருந்த குவியல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மரத்தில் ஒரு காக்கை இல்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம். மரத்தடியில் தூக்குவாளிகள் வரிசையாக இருந்தன. ஒன்றுகூடத் திறக்கவில்லை.

"மணி என்னக்கா?" என்றாள் ஒருத்தி.

நான் பதில் சொல்வதற்குள் இன்னொருத்தி. "மணி என்ன?"

பிறகு எல்லோரும். ஒரே குரலில். மெதுவாக. "மணி என்ன... மணி என்ன..."

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "மூணு பத்து."

சர்... சர்... நின்றுவிட்டது.

ஏழு முகங்களும் என்னை நிமிர்ந்து பார்த்தன.

"மூணு தாண்டிருச்சா?" நடுவில் இருந்தவளின் உதடு நடுங்கியது. "நெசமாத்தான் சொல்றீகளா?"

"ஆமா... மூணு பத்து."

"ஏ, மூணு தாண்டிருச்சுடி! ஒண்ணும் ஆகல! வேன் வந்துரும்... எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம்!"

ஒருத்தி அழுதாள். ஒருத்தி சிரித்தாள். ஆறு பேரும் எழுந்தார்கள். சேலையை உதறினார்கள். தூசி பறக்கவில்லை.

"ஏ மாரித்தாயி, எந்திரிடி."

வாசலில் இருந்தவள் எழவில்லை. என்னையே பார்த்தாள். சின்ன வயசு. கழுத்தில் புது மஞ்சள் கயிறு.

"நானும் போகட்டாக்கா?"

என்னிடம் ஏன் கேட்கிறாள்? அங்கிருந்து போனால் போதும் என்றிருந்தது.

"எல்லாரும் போறாங்கல்ல... நீங்களும் போங்க."

வெளியே நீட்டியிருந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். எழுந்தாள்.

ஏழு பேரும் எதிர்ப் பக்கக் கதவு வழியாக இறங்கினார்கள்.

காலடிச் சத்தம் இல்லை.

நான் திரும்பி நடந்தேன். ஓடவில்லை. ஓடினால் யாராவது கூப்பிடுவார்கள் என்று பயம்.

கேட்டைத் தாண்டித் தூணிலிருந்து போனை எடுத்தேன்.

மணி 12.41.

அப்போதுதான் உறைத்தது. என் கைக்கடிகாரத்தை நான் மாற்றவே இல்லை. மகள் பள்ளிவிட்டு வரும் நேரம் தெரிய வேண்டுமென்று அப்படியே விட்டிருந்தேன். நான் சொன்னது மலேசிய நேரம்.

திரும்பிப் பார்த்தேன்.

கேட்டில் சங்கிலி. பூட்டு. பூட்டின் மேல் அரக்கு முத்திரை.

உள்ளே அந்த அறைக்குக் கூரை இல்லை. மூன்று சுவர்தான் நின்றது. கரிக்கட்டை மாதிரி.

வாயில் மட்டும் அந்த வாடை...

"அக்கா!"

சண்முகவேல் ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "இங்கன ஏன் வந்தீக? வாங்க, மொதல்ல வாங்க!" கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். காரில் ஏறிய பிறகுதான் சொன்னார்.

"சித்திரையில வெடிச்சுச்சுக்கா. பன்னண்டே முக்காலுக்கு. ஆறு பொம்பளையாளுக. அங்கனயே முடிஞ்சிருச்சு."

ஆறு என்றார். நான் ஏழு பேரைப் பார்த்தேன்.

சாயங்காலம் அச்சகத்தில் எதிலோ கையெழுத்துப் போட்டேன். எதில் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. ராத்திரி முழுக்க லாட்ஜில் விளக்கை அணைக்கவில்லை. மறுநாள் காலையில் சாபிர் வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் அவர் ஒன்று மட்டும் கேட்டார்.

"அந்த ஏழாவது ஆளு... பேரு ஏதும் சொன்னாகளா?"

"மாரித்தாய்."

சாபிர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது சாகலக்கா. வாசப்பக்கம் இருந்ததால வெளிய தூக்கி எறிஞ்சிருச்சு. மதுரை ஆஸ்பத்திரியில கெடக்கு. உசுரோட இருக்கு."

எனக்கு ஒரு நொடி மூச்சு வந்தது. அப்படியென்றால் நான் பார்த்தது வேறு யாரோ. வெயிலில் மயக்கம். ஏதோ பிரமை.

சாபிர் அந்த ஊர்க்காரர் யாருக்கோ போன் போட்டார். "சலாம் அண்ணாச்சி... நம்ம மாரித்தாயி எப்படி இருக்கு?" என்றார்.

பிறகு ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைத்த பிறகும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நேத்து மத்தியானம் போயிருச்சாம்க்கா."

நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை மேல் வைத்தேன்.

"நல்லாத் தேறி வந்துச்சாம். வர்ற திங்கக்கெழம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லியிருந்தாகளாம்."