முதல் பெயரை மட்டும் மாற்ற முடியாது

1. சலுகை

தஞ்சாவூரில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் இருபத்தைந்து வருடம் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட் போட்டே பாதி ஆயுள் போனது. கடைசியில் உல்லாசக் கப்பல் வந்து சேர்ந்தது. சென்னையில் ஏறி, கடலைச் சுற்றிவிட்டுச் சென்னையிலேயே இறங்குவதற்குப் பெயர் பயணம்.

அதில் முன்னாள் ராணுவத்தினருக்குச் சலுகை உண்டு என்று கம்பெனி மெயில் அனுப்பியது. 'நாட்டைக் காத்தவருக்கு எங்கள் மரியாதை' என்று முதலாளி வாசலில் பேனர் கட்டினார். மரியாதைக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அதன் விளக்கம் பேனரின் அடியில், எறும்பு படிக்கும் அளவில் இருந்தது: பள்ளி விடுமுறையில் கிடையாது, சனி ஞாயிறு கிடையாது, ஜன்னல் வைத்த அறைக்குக் கிடையாது. நாட்டைக் காத்தவர் செவ்வாய்க்கிழமை ஜன்னலில்லாத அறையில் போனால் மரியாதை உண்டு.

இரண்டு விதிகளைப் புக்கிங் போடும் எல்லோரிடமும் படித்துக் காட்ட வேண்டும். ஒன்று, முன்னாள் ராணுவத்தினர் கார்டுக்கு உரியவர் நேரில் வந்து ஏற வேண்டும். இரண்டு, லிஸ்டில் முதல் பெயர் அவருடையது; மற்ற பெயர்களை அவர் கையெழுத்துப் போட்டு மாற்றலாம், முதல் பெயரை மாற்ற முடியாது.

2. மகன்

முதலில் வந்தவர் திருவையாற்றுப் பக்கத்து ஹவில்தார் ஒருவரின் மகன். ரியல் எஸ்டேட் செய்கிறவர். அப்பாவின் கார்டை மேஜையில் போட்டார்.

"மூணு பேர் ரூம் மேடம். அப்பா பேரு, என் பேரு, என் பார்ட்னர் பேரு."

"அப்பா வர்றாங்களா சார்?"

"அவரு எங்க வர்றது? அறுப்பு நேரம். நெல்லு கொள்முதல் நிலையத்துல மூட்டையா கெடக்கும், காவலுக்கு ஆள் வேணாமா? ஏறுற அன்னைக்குக் காய்ச்சல்னு சொல்லிக்கலாம். மிலிட்டரி கேன்டீன்ல அவரா வந்து நிக்கிறாரு? கார்டுதானே போவுது."

எங்கள் பக்கம் கார்டுக்கு இருக்கும் மரியாதை கார்டுக்காரருக்குக் கிடையாது. ஒரு ஹவில்தார் ஊருக்குத் திரும்பினால் மச்சான், மாமன், பஞ்சாயத்துக்காரர் என்று அத்தனை பேருக்கும் கேன்டீனிலிருந்து சலுகை விலையில் ரம் வந்துவிட்டதாகத்தான் கணக்கு.

இரண்டு விதியையும் படித்துக் காட்டினேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி உள்ளேயிருந்து, "வசந்தி, போட்டுக் குடும்மா. துறைமுகத்துல அவங்க பாடு" என்றார். போட்டுக் கொடுத்தேன். பணமும் அப்பாவின் பென்ஷன் கணக்கிலிருந்துதான் வந்தது, ஏ.டி.எம். கார்டும் மகனிடம்தான் இருந்தது. எல்லாம் தெரிந்துதான் செய்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

3. அப்பா

பயணத்துக்குப் பத்து நாள் முன்பு ஹவில்தாரே ஆபீசுக்கு வந்தார். விண்ணப்பத்தில் அவருடைய போன் நம்பரைக் கொடுத்திருந்தோம்; கப்பல்காரன் அவருக்கு மெசேஜ் அனுப்பிவிட்டான். காலில் புதுக் கேன்வாஸ் ஷூ.

"ஏம்மா, இது வழுக்காதுல்ல? கப்பல் தரை ஈரமா இருக்கும்னாங்க. பய எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரேன். எனக்குத் தெரியாம ஏற்பாடு பண்ணியிருக்கான்."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சர்வீஸ் முழுக்க மலையில் லாரி ஓட்டியவர். கப்பலில் ஏறியதே இல்லையாம்.

முதலாளி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், சொல்லாதே என்று. சொல்லாவிட்டால் அவர் ஷூவும் பெட்டியுமாக நிற்கும்போது மகன் சொல்வான். நான் சொல்லிவிட்டேன். காய்ச்சல், காவல், பார்ட்னர், எதையும் விடவில்லை.

குனிந்து ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினார்.

"நான் குடிக்கிறதில்லம்மா. ரிடையரானதிலேருந்து என் கார்டுல ஊரே குடிச்சுது. போவட்டும்னு விட்டேன். இதுக்கு நான்தான் போவேன். என்ன செய்யணும், சொல்லு."

அந்த இரண்டாவது விதியை அவரிடம் படித்துக் காட்டினேன். என் வேலையில் ஒரு விதியை அவ்வளவு ஆசையாகப் படித்தது அன்றைக்குத்தான்.

"அப்ப அந்த ரெண்டு பேரையும் லிஸ்டுலேருந்து அடிச்சுடு" என்றார். தன்னோடு லாரி ஓட்டிய முத்துப்பேட்டை இப்ராஹிமின் பெயரையும், திருவாரூர்க்காரர் இன்னொருவர் பெயரையும் சொன்னார். பாரத்தை நீட்டினேன், கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் மகன் போனில் கத்தினார். "என் பேர எப்படி மேடம் எடுப்பீங்க?"

"கார்டுக்காரர் கையெழுத்துப் போட்டா எடுக்கலாம் சார். அன்னைக்கே படிச்சுக் காட்டினேனே."

"அப்ப நெல்லுக்கு யாரு காவல்?"

"அது எங்க பேக்கேஜ்ல வராது சார்."

முதலாளி என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. ஹவில்தார் போய்வந்து ஒரு பெட்டி அல்வா கொடுத்த பிறகு, அதில் பாதியைத் தின்றுவிட்டுப் பேசினார். கடல் எப்படி இருந்தது என்று ஹவில்தாரைக் கேட்டேன். "எங்க பாக்க விட்டான்? இப்ராஹிம் வாய மூடவே இல்ல" என்று சிரித்தார்.

4. கவுண்டருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

ஊர், தேதி, அறை எல்லாம் அப்புறம் கேளுங்கள். ராணுவச் சலுகை என்று யார் போன் செய்தாலும், "கார்டுக்காரர் வர்றாரா?" என்று முதலில் கேளுங்கள். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை நான் அப்படித்தான் கேட்டேன். பாதிப் பேர் போனை வைத்துவிட்டார்கள்.